ஆல்ப்ஸ், தேவிகுளம் ரோடு

கதவுக்கு உள்ளே மைனஸ் ஐந்து.
கதவுக்கு வெளியே மே மாதம்,
போடிமெட்டு வளைவுகளைத் தாங்காமல்
யாரோ எடுத்த வாந்தி,
அன்னாசி நறுக்குகிறவனின் கத்திச் சத்தம்.

நான் கோட்டு கொடுக்கிறவள்.
பெரியவர்களுக்குச் சிவப்பு, பிள்ளைகளுக்கு நீலம்.
ஏழாம் நம்பர் பூட்ஸ் எப்போதும் தட்டுப்பாடு.
ஒரு கோட்டு ஒரு நாளில் பதினான்கு உடம்பு பார்க்கும்.
கடைசி ஆள் கைநுழைக்கும்போது
முன்னே போட்டவர்களின் சூடு
அக்குளில் பாக்கி இருக்கும்.
யாரும் அதற்குத் தனியாய்க் காசு கேட்பதில்லை.

சுவர் முழுக்க ஆல்ப்ஸ்.
வரைந்தவன் கம்பத்துக்காரன்,
கை பழகிய பழக்கத்தில்
அடிவாரத்தில் ஒரு தென்னையை நட்டுவிட்டான்.
பைலி முதலாளி திட்டி, பைன் மரமாக்கச் சொல்லி,
இன்னும் ஒரு மட்டை மட்டும் தெரிகிறது.

மலைச்சரிவு பதினெட்டு அடி.
உசிலம்பட்டிப் புதுமாப்பிள்ளை ஒருவர்
வேட்டியை மடித்துக் கட்டி
இரண்டு நீளக் கட்டைகளைக் காலில் மாட்டி
இறங்கினார், விழுந்தார்,
பெண்டாட்டி சிரித்தாள்.
மறுபடி டிக்கெட் எடுத்தார்,
அவள் சிரிப்பதற்காகவே
மறுபடி விழுந்தார் என்று நினைக்கிறேன்.

முதலாளி இதை மஞ்சு என்பார்.
நாங்கள் பனி என்போம்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
"உள்ளே பனி ஜாஸ்தி சேட்டா" என்றேன்.
மாத்திரை வாங்கிக் கொடுத்து
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.
அவர் பாஷையில் பனி, காய்ச்சல்.
நான் திருத்தவில்லை.
அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரியில் கதை வேறு.
விடியற்காலை நாலு மணிக்கே
செண்டுவாரைக்கு ஜீப்புகள் ஏறும்.
புல்மேல் உப்பைக் கொட்டியதுபோல் கிடக்கும்,
இலவசமாய்.
எங்கள் ஆல்ப்ஸில் ஈ ஆடாது.
ஜெனரேட்டரை அணைத்துவிட்டு
அந்தச் சூட்டுக்காக அதன்மேலேயே
உட்கார்ந்திருப்பான் இருளப்பன்.
கோட்டுகளைக் கட்டிக்கொண்டு நானும் மேலே போவேன்,
அரைமணிக்கு நாற்பது ரூபாய்.

காரின் மேல் விரலால் பெயர் எழுதுவார்கள்.
சுரண்டி எடுத்து வாயில் போடுவார்கள்.
எட்டு மணி வெயிலுக்கு எல்லாம் போய்விடும்,
அவர்களும்.

செடி மட்டும் மூன்றாம் நாள் கருகும்.
பனி சுட்டது என்போம்,
நெருப்புக்குச் சொல்கிற அதே சொல்.
கொழுந்து இல்லை, கிலோ இல்லை,
மேல்காசு இல்லை.

அன்றைக்கு ஞானசுந்தரி அண்ணி
இடுப்பில் சாக்குப் படுதாவோடு வந்தாள்.
"வாடகை எவ்வளவும்மா?"
விளையாட்டுக்குத்தான் கேட்டாள்.
சிவப்பில் ஒன்றை மாட்டிவிட்டேன்.
பாக்கெட்டில் கைவிட்டு
யாரோ தின்ற மிட்டாய்த் தாளை எடுத்துப் பார்த்தாள்.
பிறகு ரோட்டோரம் போய்,
ஜீப்புக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்று,
தான் நிறை போடும் காட்டைப் பார்த்தாள்.
"இங்கருந்து பார்த்தா
நல்லாத்தான் இருக்கு."
கங்காணி கூப்பிடுவதற்குள்
கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

இது மே.
இரவு கடை சாத்தியதும்
மிதிபட்டுக் கறுத்த பனியைச் சுரண்டி
வாளி வாளியாய்
பின்பக்க வேலியோரம் கொட்டுவேன்.
நேற்று எஸ்டேட் ஆபீசர் ஒருவர் அங்கே குந்தி
ஓர் இலையைக் கசக்கிப் பார்த்தார்.
வரிசை முழுக்கப் பச்சை,
மூன்று செடி மட்டும் காப்பித்தூள் நிறம்.
வானத்தைப் பார்த்தார்.
போனில் யாரிடமோ
மே மாதம், மே மாதம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

வேலை விட்டு அந்த வழியாய் வந்த அண்ணி
செடிகளைப் பார்த்தாள்.
வாளியைப் பார்த்தாள்.
"பனி" என்றாள்.
எந்தப் பாஷையில் என்று நான் கேட்கவில்லை.

இன்றிலிருந்து சாக்கடையில் கொட்டுகிறேன்.
கொஞ்ச தூரம்தான்,
வாளிதான் கனக்கிறது.